பொறுத்தலும் பிரார்த்தித்தலும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாசி முகாமில் அடைபட்டிருந்த சைமன் வீசெந்தாலிடம், யூதர்களைக் கொன்ற படைவீரன் ஒருவன் மரணப்படுக்கையில் மன்னிப்பு வேண்டினான். அவர் பேசாது வெளியேறினார். அது தகுமோ என்று ‘சூரியகாந்தி’ நூலில் அவர் வினவ, ‘மாண்டவர் சார்பில் மன்னிக்கப் பிறர்க்கு உரிமையில்லை’ என்றனர் அறிஞர் பலர்.

நம் கூரத்தாழ்வானோ, நாலூரானுக்கும் தம் பேற்றைப் பேரருளாளனிடம் பிரார்த்தித்தார். நாலூரான் தூண்டுதலால் சோழன் சபையில் ஆழ்வான் மட்டுமா திருக்கண்களை இழந்தார்? பெரிய நம்பிகளும் இழந்து, வழியிலேயே திருநாடு எய்தினார். அவர்க்கு இழைத்த தீங்கை ஆழ்வான் பொறுக்கலாமோ?

ஆழ்வான் நம்பிகள் சார்பில் பொறுக்கவில்லை. எம்பெருமானிடம் கிருபையை வேண்டினார். பொறுக்க உரிமை வேண்டும், பிரார்த்திக்க வேண்டா. ஆகையால், துயருற்றவரை ‘ஆழ்வானைப்போல் பொறும்’ என்று நாம் நிர்ப்பந்தித்தல் தகாது. நமக்குத் தீங்கு செய்தவர்க்காகப் பிரார்த்திப்பதே நம் கடமை.

அடியேன்