மூன்று படித்துறைகள்

'அனைத்தும் இறைவனின் அருளால்தான் கைகூடும் என்றால் நாம் ஏன் முயல வேண்டும்?' சாதகர்கள் பலருடைய உள்ளத்தில் எழும் கேள்வி இது. பல ஆண்டுகள் ஜபம் செய்தும் மனம் அடங்காதபோது இக்கேள்வி சோர்வாகவே மாறிவிடுகிறது. இதற்கான விடையை அயர்லாந்தின் பாறைத்தீவு ஒன்றில் காணலாம்.

அந்நாட்டின் தென்மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலில் 218 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது ஸ்கெல்லிக் மைக்கேல். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், கிறிஸ்தவத் துறவியர் சிலர் இறைவன் ஒருவனையே நாடி, சிறு படகுகளில் அங்குச் சென்று மடம் அமைத்தனர். அவர்கள் கல்லை அடுக்கிக் கட்டிய குடில்கள் இன்றும் நிற்கின்றன. 1996-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இத்தீவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்குத் துறைமுகம் இல்லை. துடுப்பு வலித்துப் பாறையை நெருங்கிய பின்னரும், அலை இடம் கொடுத்தால்தான் கால் வைக்க முடியும். இல்லையேல் திரும்ப வேண்டியதுதான். விசைப்படகுகள் செல்லும் இக்காலத்திலும் அதுவே நிலை.

கடலுக்குக் கட்டளையிட அத்துறவியரால் இயலாது. அவர்களால் இயன்றதைச் செய்தனர். தீவின் ஒரு புறத்தில் மட்டுமல்ல, மூன்று புறங்களில் இறங்குதுறை அமைத்து, அங்கிருந்து மடம் வரை படிகள் சமைத்தனர். தெற்குப்படிகள் மட்டும் ஏறக்குறைய 600. ஒருபுறம் அலை சீறும்போது மற்றொருபுறம் அமைதியாக இருக்கலாம் அல்லவா? அவ்வாறே மழைநீரைச் சேர்க்கத் தொட்டிகளும் கட்டினர். மழை அவர்கள் கையில் இல்லை. தொட்டி அவர்கள் கையில் இருந்தது.

சாதகனுக்கும் இத்தகைய துறைகள் வேண்டும். ஜபத்தில் மனம் நிலைகொள்ளாத நாளில் தன்னலமற்ற சேவை இருக்கிறது. உடல் தளர்ந்து சேவை இயலாத நாளில் சாஸ்திரப் படிப்பு இருக்கிறது. எந்தப் புறம் கடல் அடங்கும் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே எந்தப் புறத்தையும் படியின்றி விட்டுவிடக் கூடாது.

அலை படகைப் படியின் உயரத்திற்குத் தூக்கும் கணம் மிகச் சிறியது. தூக்குவது அலை, அடியெடுத்து வைக்க வேண்டியவன் படகில் இருப்பவன். அந்த நேரத்தில் படி செதுக்கத் தொடங்கினால் பயன் இல்லை. நேற்று கரையேற முடியாமல் திரும்பியவனும் இன்று மீண்டும் துடுப்பைக் கையில் எடுக்கட்டும். அருளை எதிர்பார்த்திருத்தல் என்பதன் பொருள் இதுவே.