வேலிக்கு அப்பால்

வேலி எங்கள் மக்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை யாவரும் அறிவர். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்திலேயே, எல்லையோரத்து மரத்தின் பலன் யாருக்கு உரியது என்பதற்கு விதி உண்டு. ஆனால், அம்மரத்தின் நோய் யாருக்கு உரியது?

இது வெறும் வேடிக்கைக் கேள்வியன்று. அண்மைக் காலமாக யாழ்ப்பாணத்துத் தென்னைகளை வெள்ளை ஈ பீடித்திருக்கிறது. ஓலையின் அடிப்புறத்திலிருந்து அது சாற்றை உறிஞ்சுகிறது. அது கழிக்கும் தேன்போன்ற திரவத்தில் கரும்பூஞ்சணம் படர, வெயில் பெறாத ஓலை சோர்ந்து போகிறது. ஒரு வளவுக்காரர் தண்ணீரை விசையாகப் பாய்ச்சி ஓலைகளைக் கழுவுகிறார். அடுத்த வளவுக்காரர் பேசாதிருக்கிறார். ஈயோ வேலியைப் பார்ப்பதில்லை, திரும்பவும் வந்துவிடுகிறது.

தெற்கே இதனிலும் கடினமான சோதனை வந்தது. 2006இல் வெலிகமப் பகுதியில் தென்னை ஓலை வாடல் நோய் கண்டறியப்பட்டது. பூச்சிகளால் பரவும் அந்நோய்க்கு மருந்தில்லை. ஆகவே, மற்ற மரங்களைக் காப்பதற்காக நோயுற்றவற்றைத் தறிக்க வேண்டியதாயிற்று. நோய் கண்ட மரமும் சில காலம் காய்க்கும். "என் மரத்தை நான் ஏன் தறிக்க வேண்டும்?" என்று அதன் சொந்தக்காரர் கேட்டால் என்ன மறுமொழி சொல்வோம்?

உடைமையைப் பராமரிக்கும் உரிமை தனிமனிதனுக்கு உண்டு, ஆனால் அதன் பயனை அவன் பொதுவானதாகவே கருத வேண்டும் என்பது புனித தோமஸ் அக்குவைனாஸின் போதனை. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலிலும் இதுவே வலியுறுத்தப்பட்டது. ஆகவே, பிறருக்குக் கேடு விளைவிக்கும் மரத்தை வைத்திருக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆனால், போதனை இத்துடன் முடிந்துவிடவில்லை. நாலு தென்னையை நம்பி வாழும் ஒரு விதவைத் தாயை எண்ணிப் பாருங்கள். நம் மரங்கள் பிழைக்க அவர் தம் மரத்தை இழந்தால், அந்த நட்டம் அவருடையது மட்டுமா? பொதுநன்மையின் பெயரால் ஏழையிடம் மரத்தைக் கேட்டுவிட்டு, நட்டத்தை அவர் தலையிலேயே சுமத்துவது நீதியாகாது. பலன் பொதுவானால் இழப்பும் பொதுவே.

நற்செய்தியில் வரும் தோட்டக்காரர், காய்க்காத அத்திமரத்துக்கு இன்னும் ஓராண்டு தவணை கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கொத்தி எருப்போடுவதாகவும் வாக்களித்தார். இரக்கமும் உழைப்பைக் கேட்கிறது.

அன்பர்களே, இக்கிழமை உங்கள் தென்னையை அண்ணாந்து பாருங்கள். பின்னர் வேலிக்கு அப்பாலும் பாருங்கள். அங்கே தனித்திருக்கும் முதியவரின் ஓலைகளைக் கழுவ உங்கள் பிள்ளைகள் போகட்டும். அயலானை நேசிப்பது அவ்வேலியடியில்தான் தொடங்குகிறது.