ஆளில்லாக் காடு

தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் ஏறி, நமீபியாவையும் பொற்ஸ்வானாவையும் கடந்து, சிம்பாப்வேயின் விக்ரோறியா நீர்வீழ்ச்சியில் இறங்கும் லொறிப் பயணம் ஒன்று உண்டு. ஏறத்தாழ இருபது நாள் வழி. விரும்புவோர் அங்கிருந்து மொசாம்பிக்கின் கரைக்குச் சென்று, முதுகிலே காற்றுக் கலனைக் கட்டிக்கொண்டு இந்து சமுத்திரத்தில் சுழியோடவும் செய்யலாம். ஒருவரையொருவர் முன்பின் அறியாத இருபதுபேர் பணம் செலுத்தி ஒரே வண்டியில் ஏறுகின்றனர். அவர்களுக்குக் கூடாரமே வீடு. கல் அடுக்கிய அடுப்பே சமையலறை.

பெருஞ் செல்வர்கள் சிறு விமானத்தில் வந்து, யானை நீரருந்தும் துறையைப் பார்த்தபடி ஆடம்பர விடுதியில் விருந்துண்டு திரும்புவதைப் பற்றி நாம் இங்கு எழுதப் புகவில்லை. அதனைக் கண்டிப்பது எளிது. கண்டித்துவிட்டு நிம்மதியாக உறங்கவும் முடியும். லொறியில் ஏறுவோர் அத்தகையோரல்லர். அவர்கள் மாணவர், ஆசிரியர், தாதியர், சிறு உத்தியோகத்தர். பல ஆண்டு சேமித்த பணத்தோடு, உலகத்தை அறியவேண்டும் என்னும் மெய்யான ஆவலோடு வருபவர்கள். சுருங்கச் சொன்னால் நம்மைப் போன்றவர்கள். இத்தகைய குழுவொன்றிற் சேர்ந்து செல்வது முறையாகுமா என்ற வினா, ஆகவே, நம்மை நோக்கியே எழுப்பப்படுகின்றது.

லொறியின் உள்வாழ்க்கையில் ஒரு கவர்ச்சி உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. முறை வைத்து வேலை பகிரப்படுகின்றது. இன்று காய்கறி நறுக்குபவர் நாளை பாத்திரம் கழுவுவார். மறுநாள் வண்டியின் தரையைக் கூட்டுவார். ஊரிலே வைத்தியராக இருப்பவரும் கடைச் சிப்பந்தியாக இருப்பவரும் ஒரே அளவு கூடாரத்தைத் தாமே அடித்துத் தாமே மடிக்கின்றனர். தனியுடைமைச் சமுதாயத்திற் பிறந்து வளர்ந்தவர்கள் இருபது நாளுக்குப் பொது வாழ்வைச் சுவைப்பதற்காகக் காசு கொடுக்கிறார்கள் என்பது வேடிக்கைதான். ஆயின் இந்தச் சமத்துவம் வண்டியின் பின்கதவோடு முடிந்துவிடுகின்றது. சாரதியும் சமையற்காரரும் அதே வண்டியிற் செல்பவர்களே. ஆனால் அவர்களுக்கு அது விடுமுறையன்று. வழியோரத்தில் விறகுக் கட்டோடு நிற்கும் பெண்ணோ அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

சபாரி என்ற சொல் சுவாகிலி மொழியிலே பயணம் என்ற பொருளை மாத்திரமே தரும். அரபு மொழியின் சபர் அதன் மூலம். நமது முஸ்லிம் மக்களின் பேச்சிலும் அச்சொல் வழங்குகின்றது. வணிகரும் சுமைகாரரும் நடந்த நடையைக் குறித்த சொல், ஐரோப்பியர் கையிலே வேட்டையைக் குறிக்கலாயிற்று. இன்று கமராவோடு விலங்கைத் தேடிச் செல்வதைக் குறிக்கின்றது. பொருள் மாறிய இந்த வழியில் மனிதன் மெல்ல மெல்ல மறைந்துபோனான்.

மறைந்துபோனான் என்று நாம் அணியாகச் சொல்லவில்லை. பயண அழைப்புகளைப் படிப்போர் ஒரு தொடரைத் திரும்பத் திரும்பக் காண்பர்: மனிதர் கை படாத இயற்கை. லொறி வழியில் முக்கியமான தரிப்பிடமான நமீபியாவின் எற்றோசாவை எடுத்துக்கொள்வோம். வெண்மையான உப்புப் படுகை, அதன் விளிம்பிலே நீரூற்றுகள், ஊற்றைச் சுற்றி வரிக்குதிரையும் சிங்கமும். இரவிலே விளக்கு வெளிச்சத்தில் காண்டாமிருகம் வந்து நீர் பருகுவதை மதிலுக்கு இப்பால் வாங்கில் அமர்ந்து பார்க்கலாம். 1907 ஆம் ஆண்டில் ஜேர்மன் ஆளுநர் இதனை விலங்குக் காப்பிடமாகப் பிரகடனஞ் செய்தார். அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு? 1904 இல் தொடங்கி 1908 வரை, அதே ஆட்சி ஹெரேரோ, நாமா மக்களைப் பாலைவனத்திலே துரத்தியும் முகாம்களில் அடைத்தும் அழித்துக்கொண்டிருந்த காலத்தின் நடுப்பகுதி. மானுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கிய கையே மனிதரைக் கொன்ற கையுமாகும். அது இனப்படுகொலையே என ஜேர்மன் அரசு ஒப்புக்கொள்வதற்கு 2021 வரை காலம் சென்றது. லொறிகள் தங்கிச் செல்லும் கடற்கரைப் பட்டினமான சுவாகொப்முண்டில் அத்தகைய முகாமொன்று இருந்தது. இன்று அப்பட்டினத்தை அடுத்த மணல்மேடுகளில் பயணிகள் பலகையில் அமர்ந்து சறுக்கி மகிழ்கின்றனர்.

எற்றோசா அப்பொழுதும் வெறுங்காடாக இருக்கவில்லை. ஹைஓம் எனப்படும் சான் மக்கள் அங்கே வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்துவந்தனர். ஊற்றுகளுக்குப் பெயரிட்டவர்கள் அவர்கள். 1954 இல், தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சி அவர்களை வெளியேறுமாறு கட்டளையிட்டது. சிலர் காப்பிடத்தின் கூலியாட்களாக நிறுத்திக்கொள்ளப்பட்டனர். ஏனையோர் அயலிலுள்ள வெள்ளையர் பண்ணைகளில் நிலமற்ற தொழிலாளராயினர். காடு வெறுமையாயிற்று, பண்ணைக்கு ஆள் கிடைத்தது. இவ்விரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதை நமது வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. 2015 இல் அம்மக்கள் நீதிமன்றம் சென்றபோது, சமூகம் முழுவதன் சார்பில் வழக்காட அவர்களுக்குத் தகுதியில்லை என்று சட்டம் கையை விரித்தது.

இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு சம்பேசி ஆற்றிலே உள்ளது. விக்ரோறியா நீர்வீழ்ச்சிக்குக் கீழே அந்நதியைத் தடுத்து, 1955 இலிருந்து 1959 வரை, கரீபா அணை கட்டப்பட்டது. வட றொடீசியாவின் செப்புச் சுரங்கங்களுக்கும் தென் றொடீசியாவின் ஆலைகளுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. ஆற்றின் இரு கரைகளிலும் வண்டல் நிலத்தைப் பயிரிட்டு வாழ்ந்த தொங்கா மக்கள் ஏறத்தாழ 57,000 பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். 1958 செப்டெம்பரில், லொறியில் ஏற மறுத்த கிராமத்தவர் மீது பொலிசார் சுட்டதில் எட்டுப்பேர் மாண்டனர். அவர்களை ஏற்றிச் செல்ல வந்தவையும் லொறிகளே. பயணிகளின் லொறியை எண்ணும்போது நம்மால் அதனை மறக்க முடியவில்லை.

அதே ஆண்டின் இறுதியில் நீர் ஏறத் தொடங்கிற்று. மேட்டு நிலங்கள் தீவுகளாயின. தீவுகளில் விலங்குகள் சிக்கிக்கொண்டன. அப்பொழுதுதான் உலகம் விழித்துக்கொண்டது. நோவா நடவடிக்கை என்ற பெயரில், றூப்பேட் பொதகில் என்னும் அதிகாரியின் தலைமையில், படகுகளில் ஆட்கள் சென்று மானையும் பன்றியையும் குரங்கையும் பாம்பையுங்கூடப் பிடித்துக் கரைசேர்த்தனர். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 6,000 விலங்குகள் காப்பாற்றப்பட்டன. பத்திரிகைகள் படம் வெளியிட்டன. தூர தேசங்களில் நன்கொடை திரண்டது. கொம்பு கட்டப்பட்ட மானை மடியில் வைத்துக்கொண்டு படகில் வருபவனின் படத்தைப் பார்த்து யார்தான் நெகிழமாட்டார்? அந்த மானுக்காக நாமும் நெகிழ்கின்றோம். காப்பாற்றியது பிழையென்று ஒருக்காலும் சொல்லோம்.

நமது வினா வேறு. அந்தக் கண்ணீர் ஏன் மானுக்கு மாத்திரம் பெருகிற்று? மான் நிலம் கேட்பதில்லை. கூலி கேட்பதில்லை. வாக்குரிமை கேட்பதில்லை. அதன் மீது காட்டும் இரக்கம் எந்த ஆட்சியையும் அசைக்காது. எந்தச் சுரங்க முதலாளியின் இலாபத்திலும் கை வைக்காது. தொங்கா விவசாயிக்கு இரங்கினாலோ அணை யாருக்காக என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கும். மின்கம்பி தலைக்கு மேலே செல்ல, தாம் மண்ணெண்ணெய் விளக்கோடு பல தசாப்தங்கள் கிடந்தவர்கள் அம்மக்கள். ஆற்றங்கரை வண்டலுக்குப் பதிலாகக் கிடைத்ததோ கல்லும் வறட்சியும். இன்று கரீபா ஏரியிலே பயணிகள் படகு வீட்டில் தங்கி அந்தி வானத்தைப் பார்க்கின்றனர். நீரின் மேலே தலைநீட்டும் பட்டமரங்கள் அழகானவை என்று அவர்களுக்குச் சொல்லப்படுகின்றது. அம்மரங்களின் அடியிலே மனிதரின் முன்னோர் கல்லறைகள் இருப்பதைச் சொல்வார் அரியர்.

இங்கே இரு வாதங்கள் எழும். முதலாவது நமது தோழர்களிடமிருந்து: இவ்வளவும் தெரிந்தபின் அங்கே போகாமலிருப்பதே நேர்மையன்றோ? இரண்டாவது பயணத்தை நடத்துவோரிடமிருந்து: பயணிகள் வருவதாற்றான் வேலை கிடைக்கின்றது, விலங்கும் பிழைக்கின்றது.

போகாமலிருப்பது நம் மனத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள உதவலாம். ஹைஓம் மக்களுக்கு ஓர் ஊற்றையேனும் மீட்டுத் தராது. 2020 இல் கொள்ளைநோய் பரவி எல்லைகள் மூடப்பட்டபோது, உலகப் பயணிகள் அனைவரும் ஒருங்கே போகாதிருந்தனர். காப்பிடங்கள் விடுதலை பெற்றனவா? இல்லை. சமையற்காரரும் வழிகாட்டியும் சம்பளமின்றி வீட்டிலிருந்தனர். உரிமை மாறாத இடத்தில் நமது வராமை அவர்களுக்குப் பசியாக மாத்திரமே போய்ச் சேர்ந்தது.

வேலை கொடுக்கிறோம் என்ற வாதமோ நமக்குப் பழக்கமானது. ஒவ்வொரு தோட்டத்துரையும் அதனையே சொன்னான். நிலத்தைப் பறித்துவிட்டு, அந்நிலத்திலேயே கூலி வேலை தருவதைக் கொடை என்று எண்ணுவதற்கு நாம் உடன்பட முடியாது. தென்னாபிரிக்காவின் டேர்பனிலிருந்து வடக்கே, சொட்வானா விரிகுடாவிற் சுழியோடச் செல்பவர் நெடுந்தூரம் கரும்புத் தோட்டங்களினூடே செல்கின்றார். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ரூரோ என்னும் கப்பலில் வந்திறங்கியவர்களும், அவர்களுக்குப் பின் வந்த தமிழரும் தெலுங்கரும் பிறரும் ஒப்பந்தக் கூலிகளாய் வியர்வை சிந்திய தோட்டங்கள் அவை. வண்டிச் சன்னலிலிருந்து பார்த்தால் பச்சைக் குன்றுகள், அவ்வளவே. வேலை கொடுக்கப்பட்டது உண்மைதான்.

கடலுக்கும் இதே கணக்குத்தான். மொசாம்பிக்கின் தோபோ என்னும் கரையிலே திமிங்கிலச் சுறாவையும் யானைத் திருக்கையையும் காண்பதற்காகவே சுழியோடிகள் வருகின்றனர். பஸ்ஸை ஒத்த நீளமுள்ள அந்தச் சுறா பெரும்பாலும் மிகச் சிறிய உயிர்களை உண்டு வாழ்வது. அதன் அருகே மனிதன் நீந்துவது அச்சமும் வியப்பும் கலந்த அனுபவமென்பர். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே இவ்விரு இனங்களும் அங்கு கண்ணுக்குத் தென்படுவது வேகமாகக் குறைந்துவருவதை ஆய்வாளர் பதிவுசெய்தனர். உடனே விரல் நீள்வது உள்ளூர் மீனவனின் வலையை நோக்கி. வலைக்கும் பங்குண்டு; மறைப்பதில் பயனில்லை. ஆயின் அந்த மீனவன் கடற்கரைக்கு எப்படி வந்தான்? 1975 இல் சுதந்திரம் பெற்ற மொசாம்பிக்கின் மீது, முதலில் றொடீசிய ஆட்சியும் பின்னர் நிறவெறித் தென்னாபிரிக்காவும் ஊட்டி வளர்த்த படை 1977 முதல் 1992 வரை போர் தொடுத்தது. உள்நாட்டு வயல்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் உயிர் தப்பிக் கரையோரம் வந்து சேர்ந்தனர். மண்வெட்டியை இழந்தவன் வலையைத் தூக்கினான். இப்பொழுது, முன்னர் போரை ஊட்டிய அதே நாட்டிலிருந்து வந்திறங்கும் சுழியோடி, வலை வீசாதே என்று அவனுக்குப் புத்தி சொல்கின்றான். சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். சொல்பவன் தன் நாட்டின் கணக்கையும் கூடவே சொல்லவேண்டும்.

ஆகவே, குழுவிற் சேரலாமா? சேரலாம் என்றே எண்ணுகின்றோம். யானையைப் பார்க்க விரும்புவது குற்றமன்று; பிற தேசத்து மண்ணை மிதிக்க விரும்புவது மனிதனின் நல்ல இயல்புகளில் ஒன்று. குற்றம் நாம் கேட்கும் பொருளிலே இருக்கின்றது. மனிதர் இல்லாத காட்டைப் பணம் கொடுத்துக் கேட்கும்வரை, மனிதரை அகற்றிக் காட்டை உண்டாக்கித் தர யாரேனும் முன்வருவர். இது முடிந்த கதையுமன்று. மொசாம்பிக்கில் 2001 இல் பிரகடனஞ் செய்யப்பட்ட லிம்போபோ தேசிய வனத்தினுள்ளே கிராமங்கள் பல இருந்தன. விலங்குகளுக்கும் பயணிகளுக்கும் இடம் வேண்டுமென்று, அவற்றிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வெளியே குடியேற்றும் வேலை இந்த நூற்றாண்டிலேயே நடைபெற்றது. தாமாக விரும்பிச் சென்றார்கள் என்று அறிக்கைகள் கூறின. பக்கத்து வயலிலே யானை நடமாடும்படி விட்டபின் விருப்பம் எவ்வளவு தூரம் விருப்பமாகும்?

மாற்று வழி இல்லையென்று கூறுவோருக்கு அந்த வனத்தின் எல்லைக்கு அப்பால், தென்னாபிரிக்காவின் குரூகர் வனத்தின் வடமுனையில் நடந்ததைக் காட்டலாம். லிம்போபோ, லுவுவு என்னும் இரு ஆறுகளுக்கிடையே வாழ்ந்த மக்குலெக்கே மக்கள் ஏறத்தாழ 3,000 பேர் 1969 இல் வெளியேற்றப்பட்டனர். தம் குடிசைகளுக்குத் தாமே தீ வைக்குமாறு துப்பாக்கி முனையிற் பணிக்கப்பட்டார்கள். நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், 1994 இன் நில மீட்புச் சட்டத்தின் கீழ் அவர்கள் உரிமை கோரினர். 1998 இல் இருபதினாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் அவர்கள் பெயருக்கு மாறிற்று. காட்டை அழித்துவிடுவார்கள் என்று அஞ்சியோர் இருந்தனர். அவர்களோ ஆலோசித்து, அங்கே திரும்பிக் குடியேறுவதில்லை என்றும், நிலம் வனமாகவே இருக்கட்டும் என்றும், விடுதி நடத்துவோரிடம் தாம் வாடகை வாங்குவதென்றும் முடிவுசெய்தனர். அந்த வாடகையை எவ்வாறு பங்கிடுவது, பாடசாலைக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு என்று அவர்களுக்குள்ளே வாதங்கள் உண்டு. உடைமை உள்ளவர்களுக்கு வரும் வாதங்கள் அவை. இரவிலே அங்கு கூடாரம் அடிப்பவர் யாருடைய நிலத்தில் உறங்குகிறார் என்று கேட்டால், வழிகாட்டியால் அந்த மக்களின் பெயரைச் சொல்ல முடியும்.