கண்டெடுத்த பணமும் கோயில் உண்டியலும்

பேருந்து இருக்கைக்கு அடியில் ஒரு மணிபர்ஸ் கிடக்கிறது. அதை எடுத்தவர் கெட்டவர் அல்லர். ஊரான் காசு வீட்டில் ஒட்டாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர். திறந்து பார்க்கிறார், பணம் இருக்கிறது, பெயரோ முகவரியோ இல்லை. இறங்கியதும் வழியிலுள்ள கோயில் உண்டியலில் பணத்தைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். தர்காவில் போடுபவர்களும், மாதா கோயிலில் போடுபவர்களும், நாலு பேருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. ‘நமக்கு வேண்டாம், சாமிக்குப் போகட்டும்’ என்பதை நல்ல செயல் என்றே நம் வீடுகளில் சொல்லிக்கொடுக்கிறோம். அது நல்ல செயல் அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

தொலைத்தவரின் பக்கம் நின்று பாருங்கள். எடுத்தவர் தானே செலவழித்தாலும் உண்டியலில் போட்டாலும் அவருக்கு இழப்பு ஒன்றுதான். அடகு வைத்த சங்கிலியை மீட்கக் கொண்டுவந்த தொகையாக அது இருக்கலாம். மருத்துவமனையில் கட்ட வேண்டிய பணமாக இருக்கலாம். அந்த நேரத்தில் அவர் டெப்போவில் நின்று, எந்த வண்டி, எந்தக் கண்டக்டர் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அடுத்தவர் பணத்தில் தர்மம் செய்ய நமக்கு உரிமை இல்லை. உண்டியலில் போட்டதால் எடுத்தவரின் மனபாரம் இறங்கியது. தொலைத்தவரின் பாரம் அப்படியே இருக்கிறது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71ஆவது பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டவருக்கு, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்கு உள்ள அதே கடமை உண்டு. எடுக்காமல் தாண்டிப் போகலாம். எடுத்துவிட்டால் நாம் காவலாளி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவாக இருக்கிறது. உரியவரைத் தேட நியாயமான முயற்சி செய்து, தகவல் தெரிவித்து, அவர் வந்து கேட்கப் போதிய காலம் வைத்திராமல், கண்டெடுத்ததைத் தனதாக்கிக்கொண்டால் அது குற்றம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நெடுஞ்சாலையில் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும் ஒற்றை ரூபாயை எடுப்பது குற்றமல்ல என்பதையும் சட்டமே உதாரணமாகச் சொல்லிவிடுகிறது. தேடி வர ஆள் இருக்குமா என்பதுதான் கேள்வி.

தர்மத்தைப் பற்றி இஸ்லாமிய சட்ட மரபு இன்னும் கூர்மையாக யோசித்திருக்கிறது. கண்டெடுத்த மதிப்புள்ள பொருளை ஓர் ஆண்டு அறிவிக்க வேண்டும் என்பது அங்கே பொதுவான விதி. அதன்பின் தர்மமாகக் கொடுக்கலாம் என்கிறது ஹனஃபி மரபு. ஆனால் பிறகு உரியவர் வந்து அந்தத் தர்மத்துக்கு இசையாவிட்டால், கொடுத்தவர் தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். தேடலுக்குப் பிறகுதான் தர்மம். தர்மம் செய்த பிறகும் பொறுப்பு தீர்வதில்லை. நாம் முதல் படியையே விட்டுவிட்டு நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுகிறோம்.

மனிதர்கள் இயல்பிலேயே பேராசைக்காரர்கள் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்கள், கண்டெடுத்தவை என்று சொல்லி அலுவலக வரவேற்பு மேசைகளில் கொடுக்கப்பட்டன. பெரும்பாலான நாடுகளில், பணமில்லாத பர்ஸைவிடப் பணமுள்ள பர்ஸ்தான் அதிகமாக உரியவரிடம் திரும்பியது. மூன்று நாடுகளில் சாவியை வைத்தும் வைக்காமலும் சோதித்தார்கள். சாவி இருந்த பர்ஸ்கள் இன்னும் கூடுதலாகத் திரும்பின. எடுத்தவருக்குச் சாவியால் பயனில்லை. தொலைத்தவருக்குத்தான் அது இல்லாமல் முடியாது. தொலைத்தவரின் தவிப்பு மனதில் பட்டால் கை தானாகத் திருப்பிக் கொடுக்கிறது. நம் ஊரிலும் குப்பையில் கிடைத்த நகையைத் தூய்மைப் பணியாளர்கள் மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்த செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். குறைந்த கூலியில் குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சால்வை போர்த்துவதோடு நம் கடமை முடிந்ததாக நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

‘போலீஸில் கொடுத்தால் உரியவருக்குப் போய்ச் சேருமா, நம்மையே விசாரிப்பார்களே’ என்ற பயம் நியாயமானது. அதற்காகக் கடமையை விட வேண்டியதில்லை. இன்னொருவரை உடன் வைத்துக்கொண்டு எண்ணுங்கள், படம் எடுங்கள், எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பேருந்து என்றால் கண்டக்டர், டெப்போ. ரயில் என்றால் ரயில்வே பாதுகாப்புப் படை. ஏடிஎம்மில் முன்னால் வந்தவர் விட்டுப்போன பணத்தை அந்த வங்கியில் கொடுத்தால், நேரத்தை வைத்து அவரைக் கண்டுபிடிக்கலாம். கணக்குக்குத் தவறி வந்த பணத்தையும் திருப்பித்தான் ஆக வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவு. ஆனால் போனில் கெஞ்சுபவர் சொல்லும் எண்ணுக்கு நீங்களாக அனுப்பாதீர்கள். மோசடிக்காரர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். வங்கி வழியாகத் திருப்புங்கள்.

தெருவில் கிடைத்ததா? தொலைத்தவர் வந்த வழியே திரும்பி வருவார். பக்கத்துக் கடையில் உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள். எவ்வளவு பணம் என்பதை மட்டும் கடைக்காரரிடம் சொல்லாதீர்கள். தேடி வருபவர் அதைச் சொல்லட்டும்.