ஓட்டைப் படகை விரும்பும் அரசன்

ஒருவன் தன் விருப்பத்தின் பேரில் ஆபத்தில் இறங்குகிறான். இன்னொருவன் தன் வீட்டில் இருந்துகொண்டு அதைப் பார்த்து மகிழ்கிறான். பார்ப்பவனுக்கு இறங்குபவன் மீது ஏதேனும் பொறுப்பு உண்டா? பழைய ரோமாபுரியின் அரங்குகளைக் கண்டிப்பது நமக்கு எளிது. அங்கே சாக விடப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அடிமைகளும் கைதிகளும். இன்று தொலைக்காட்சியில் ஆபத்தில் இறங்குபவர்களோ சுதந்திரமான மனிதர்கள். ஒப்பந்தத்தில் தாமே கையொப்பமிட்டவர்கள். அடுத்த பருவத்துக்கும் தாமே திரும்பி வருபவர்கள். ஆகவேதான் இக்கேள்வி இன்று கடினமாகிறது.

இதனை ஓர் உதாரணத்தை வைத்தே பேச விரும்புகிறேன். டிஸ்கவரி அலைவரிசையில் 2012 ஜனவரியில் தொடங்கிப் பல பருவங்கள் ஒளிபரப்பான ‘பெரிங் ஸீ கோல்ட்’ என்ற தொடர் அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பது, நானும் பார்த்திருக்கிறேன். அலாஸ்காவின் மேற்குக் கரையில் நோம் என்றொரு சிறு பட்டணம். மற்ற நகரங்களோடு அதனை இணைக்கும் நெடுஞ்சாலை கிடையாது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 3,699 பேர். அப்பட்டணத்தின் முன்னாலுள்ள கடலடியில் தங்கம் கிடக்கிறது. அதை உறிஞ்சியெடுக்கக் கோடையில் படகுகளில் போகிறார்கள். குளிர்காலத்தில் கடல் உறைந்ததும் பனிக்கட்டியில் துளை வெட்டி, அதனூடாக இறங்குகிறார்கள்.

நோமின் கதை தங்கத்தோடுதான் தொடங்குகிறது. 1898இல் அன்வில் ஓடையில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கடற்கரை மணலிலேயே தங்கத்தூள் இருப்பது தெரியவந்தது. ஓடைக்கரைக் காணிகளை முந்தி வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். கடற்கரையோ எவருக்கும் சொந்தமில்லை. ஒரு மண்வெட்டியும் ஓர் அரிப்புப் பெட்டியும் இருந்தால் போதும், ஏழையும் தங்கம் அரிக்கலாம் என்றாயிற்று. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கிருந்தவர்கள் 12,488 பேர். பின்னர் 1980களின் பிற்பகுதியில், இந்தோனேசியக் கடலில் வெள்ளீயம் அகழ்ந்துகொண்டிருந்த ‘பீமா’ என்ற பேரியந்திரக் கப்பலை ஒரு கம்பனி நோமுக்குக் கொண்டுவந்தது. 1990இல் அதன் வேலை நின்றுபோனது. மலைபோன்ற அக்கப்பல் போன பின்னரும் சிறு படகுக்காரர்கள் அங்கே நிலைத்தார்கள். 2011 செப்டம்பரில் தங்கம் ஒரு அவுன்ஸ் 1,900 டொலரைத் தாண்டியபோது, புதியவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

அப்படகுகளைப் பார்த்தால் படகு என்று சொல்லத் தோன்றாது. இரண்டு மிதவைகள், மேலே ஒட்டுப்பலகை அடித்த ஒரு கூடு, எங்கிருந்தோ கழற்றி வந்த இஞ்சின், ஒரு நீர்ப்பம்பி. அகலமான உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு சுழியோடி கடலடிக்குப் போகிறான். குழாய் கல்லையும் மணலையும் மேலே இழுத்துவந்து சரிவான பெட்டியொன்றில் கொட்டுகிறது. தங்கம் தண்ணீரைவிட ஏறத்தாழ 19 மடங்கு பாரமானது. ஆகவே அது பெட்டியின் விரிப்பில் தங்கிவிட, மற்றவை திரும்பக் கடலில் விழுகின்றன.

சுழியோடியின் முதுகில் காற்றுக் குடுவை இல்லை. படகிலுள்ள கொம்பிரஷரிலிருந்து நீளும் குழாயொன்றே அவனது மூச்சு. இன்னொரு குழாயில் சுடுநீர் வந்து அவனது உடைக்குள் பாய்கிறது. அது நின்றால் அக்கடலின் குளிரில் அவனால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. இஞ்சின் புகை கொம்பிரஷரின் வாய்க்குள் புகுந்தால், மணமும் நிறமுமற்ற காபனோரொட்சைட்டு மூச்சோடு கலந்து அவனை மயக்கிவிடும். ஆக, மேலே உள்ள பழைய இஞ்சினும், அதைக் கவனித்து நிற்கும் ஒரு மனிதனும், சில கவ்விகளுமே அவனது உயிருக்குப் பொறுப்பு.

இத்தொடரைப் பற்றி வகுப்பில் பேச்செழுந்த ஒருநாள், எட்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், அவர் தண்ணிக்குள்ள போறத்தப் படம் புடிக்கிற ஆளும் தண்ணிக்குள்ளதானே நிக்கிற? அவருக்கு ஆரு காத்துக் குடுக்கிற?” மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது. படம்பிடிப்பவன் காட்சியில் இல்லை. அவனை நாம் நினைப்பதேயில்லை. ஆகவே சுழியோடி தனியாக இருப்பதாகவும், அவனுக்கும் சாவுக்குமிடையில் எவருமில்லை என்றும் நமக்குத் தோன்றுகிறது. அவ்வாறு தோன்ற வேண்டும் என்பதே அக்காட்சியின் நோக்கம்.

பார்ப்பவர்களின் சார்பில் வழக்கமாக இரண்டு நியாயங்கள் கூறப்படுகின்றன. அவற்றை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

முதலாவது, இது அவனுடைய உயிர், அவனுடைய விருப்பம் என்பது. உயிர் மனிதனின் உடைமையல்ல, அமானிதம் என்று நம்புகிறவர்கள் நாம். ஷரீஆவின் நோக்கங்களை வகுத்த இமாம் கஸ்ஸாலியும் இமாம் ஷாத்திபியும் உயிரின் பாதுகாப்பைப் பொருளின் பாதுகாப்புக்கு முன்னே வைத்தார்கள். ஆனால் நோமில் சுழியோடுபவன் நமது ஷரீஆவை ஏற்றவன் அல்லன். அவன் மீது தீர்ப்புக் கூறுவது என் வேலையும் அல்ல. இங்கே விசாரிக்கப்பட வேண்டியவன் பார்வையாளன். அவன் நம்மில் ஒருவன்.

இரண்டாவது நியாயம் இன்னும் வலியது. ஒட்டுப்போட்ட படகு ஏழையின் வாசல். எல்லாப் படகும் கம்பனிப் படகின் தரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டால், கடலடித் தங்கம் கம்பனிக்கே போய்ச்சேரும். 1899இல் கடற்கரையில் மண்வெட்டியோடு நின்றவனின் பேரன் வெளியே நிற்பான். பாதுகாப்பின் பெயரால் ஏழைகளின் தொழில் பறிக்கப்பட்ட கதைகள் உலகில் குறைவில்லை. வறுமையின் கைவேலையைப் பழிக்க எனக்கு மனமில்லை. இருக்கும் பொருளைக் கொண்டு இல்லாததைச் செய்துகொள்வது ஓர் அறிவு.

இவ்விடத்தில்தான் ஸூரத்துல் கஹ்ஃபில் வரும் அந்தப் படகு எனக்கு நினைவுக்கு வருகிறது. நபி மூஸா (அலை) அவர்களோடு பயணம் செய்த ஹிழ்ர் (அலை) அவர்கள், தம்மை ஏற்றிவந்த படகையே பழுதாக்குகிறார்கள். மூஸா நபி திடுக்கிட்டு ஆட்சேபிக்கிறார்கள். விளக்கம் பின்னால் வருகிறது. அது கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் படகு. நல்ல படகுகளையெல்லாம் பறித்தெடுக்கும் ஓர் அரசன் முன்னால் இருந்தான். படகில் குறை இருந்தால் அவன் அதை விட்டுவிடுவான். அந்தக் குறை ஏழையின் சொத்தைக் காப்பாற்றியது. ஆபத்துப் போனதும் பலகையை அடைத்துக்கொள்ளலாம்.

தொலைக்காட்சி என்பது வேறுவகை அரசன். அவனுக்கு ஓட்டைப் படகுதான் வேண்டும். நன்றாகக் கட்டப்பட்ட, ஒழுங்காகப் பராமரிக்கப்படும் படகில் ஒரு நாள் முழுவதும் வேலை நடந்தால் அங்கே காட்சி இல்லை. கயிறு அறுந்தால் காட்சி. இஞ்சின் நின்றால் காட்சி. அலை கூட்டுக்குள் புகுந்தால் காட்சி. அவ்வாறான ஒரு கணத்தில்தான் விளம்பர இடைவேளை வருகிறது. இவ்வரசன் எதையும் பறிப்பதில்லை. பணமும் புகழும் தருகிறான். இது இக்ராஹ் எனப்படும் பலவந்தம் அல்ல, ஆசை காட்டல். ஆனால் விளைவைப் பாருங்கள். வறுமையினால் வந்த ஓட்டையை, வசதி வந்ததும் அடைக்கவே எவனும் விரும்புவான். அந்த ஓட்டைக்கே விலை கிடைத்தால், அடைப்பதற்கான காரணம் பலவீனப்பட்டுவிடும். தொலைக்காட்சிப் பணத்தில் படகைத் திருத்திக்கொண்டவர்களும் இருக்கலாமே என்று கேட்கலாம். இருந்தால் மகிழ்ச்சிதான். நான் கூறுவது, பார்வையாளனின் ஆசை அத்திருத்தத்தின் பக்கம் நிற்பதில்லை என்பதையே.

அந்த ஆசையை நேராகச் சொல்லிப் பார்ப்போம். சுழியோடி சாக வேண்டும் என்று எவரும் விரும்புவதில்லை. சாகும் எல்லைவரை போய்த் திரும்ப வேண்டும் என்று விரும்புகிறோம். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் படகில் நிற்பவன் துல்லியமாக அறியமாட்டான். கதிரையில் இருப்பவன் எவ்வாறு அறிவான்?

நோமில் சுழியோடிகளுக்குக் கிடைப்பது எடுத்த தங்கத்தில் ஒரு பங்கு. நமது முழாரபாவை நினைவூட்டும் ஏற்பாடு இது. முழாரபாவில் நட்டம் வந்தால் முதலிட்டவன் முதலை இழப்பான். உழைத்தவன் உழைப்பை இழப்பான். நட்டத்தின் சுமையை ஏற்பவனுக்கே இலாபம் ஆகும் என்பது பிக்ஹின் பொது விதி. நோமில் படகுக்காரன் படகை இழக்கலாம். சுழியோடி மூச்சை இழக்கலாம். பார்வையாளனோ, பரபரப்பு என்ற இலாபத்தை முழுமையாகப் பெற்றுக்கொண்டு, நட்டத்தில் ஒரு சதமும் ஏற்காத பங்காளி. அவன் பங்காளியே அல்ல என்று சொல்லித் தப்ப முடியாது. அவன் பார்ப்பதனால்தான் விளம்பரம் வருகிறது. விளம்பரம் வருவதனால்தான் கெமரா படகில் ஏறுகிறது.

அப்படியானால் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது? அதே பெரிங் கடல் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்கு நண்டு பிடிக்கும் தொழிலில் 1990களில் ஆண்டுக்குச் சராசரியாக ஏழெட்டுப் பேர் இறந்தார்கள். இரும்புக் கூடுகளை அளவுக்கு மீறி அடுக்கிய படகுகள் கவிழ்ந்தன. 1999இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படையினர் துறைமுகத்துக்கே வந்து, படகு புறப்படுமுன் அதன் பாரத்தையும் சமநிலையையும் பார்க்கத் தொடங்கினார்கள். இறப்புகள் பெருமளவு குறைந்தன. 2005இல் பங்கீட்டு முறை வந்ததும், சில நாட்களுக்குள் முண்டியடித்துப் பிடிக்கும் பந்தயமும் ஒழிந்தது. அதே 2005இல்தான் டிஸ்கவரியில் ‘டெட்லியஸ்ட் கெட்ச்’ என்ற தொடர் ஆரம்பமானது. அந்த வேட்டை முன்னைவிடக் குறைவாகக் கொல்லத் தொடங்கிய காலத்தில், மிகக் கொடிய வேட்டை என்ற பெயரோடு அது உலகெங்கும் போனது.

காப்பாற்றியது வீரம் அல்ல. ஒரு மனிதன் துறைமுகத்தில் நின்று கூடுகளை எண்ணியது. அதிகமானவற்றை இறக்கு என்றது. ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். தவக்குலுக்கு முன்னால் வரும் அந்த முடிச்சு அழகான காட்சியல்ல. அதைப் படம்பிடிக்க எவரும் வரமாட்டார்கள். ஆனால் மார்க்கம் முதலில் கேட்பது அதைத்தான்.

அலாஸ்காவைப் பற்றி இங்கே ஏன் இவ்வளவு அக்கறை என்று வாசகர் கேட்கக்கூடும். நமது கரையோரக் கிராமங்களிலும் பிள்ளைகள் கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடப் போகிறார்கள். ஒரே நாளில் பலமுறை ஆழத்துக்குப் போய், விரைவாக மேலே வந்து, கால்கள் செயலிழந்து வீட்டில் கிடக்கும் இளைஞர்கள் இந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களை எந்தத் தொடரும் காட்டுவதில்லை. ஆபத்தை வீரமாகக் கண்டு பழகிய கண்ணோடு ஒரு பிள்ளை அந்தத் தொழிலுக்குள் போகும்போது, மெதுவாக மேலே வா என்ற சொல் அவனுக்குக் கோழைத்தனமாகக் கேட்கும். என் பயம் இதுதான்.

தொடரைப் பார்க்காதே என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. சொன்னாலும் கேட்கமாட்டார்கள். பார்க்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்: இந்தப் படகு கரையில் நின்றபோது இதைச் சுற்றிப் பார்த்தவர் யார்? சுழியோடி கீழே இருக்கும்போது கொம்பிரஷரின் அருகில் நிற்பவர் யார்? திரையில் அவர் தெரியாவிட்டால், அவரைத் தேடிப் பாருங்கள் என்கிறேன். அவரை மதிக்கப் பழகிய பிள்ளை, நாளை தன் நண்பன் தண்ணீருக்குள் இருக்கும்போது, தொலைபேசியைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.