காட்டும் துணையும் காணும் துணையும்

மலையை நாடிச் செல்கிறவன் எதற்காகச் செல்கிறான் என்னும் கேள்விக்கு நம் சமய மரபில் இருவேறு விடைகள் உண்டு. உலகைத் துறந்தவன் தவம் புரிவதற்காக மலையை நாடுகிறான் என்பது ஒன்று. மலைநிலமாகிய குறிஞ்சியைத் தலைவனும் தலைவியும் கூடும் நிலமாக வகுத்து, முருகனையே அந்நிலத்துக்குத் தெய்வமாக வைத்த தமிழ் வழக்கு மற்றொன்று. முன்னதே மேலான விடை என்றும், பின்னது இல்லறத்தாரின் பலவீனத்துக்கு இரங்கி அளித்த சலுகை என்றும் கருதுகிறவர்கள் பலர். கணவனும் மனைவியுமாக ஒரு பகல் முழுவதும் காரியம் ஏதுமின்றி மலைச்சாரலில் உலவி, அருவியையும் முகிலையும் கண்டு மகிழ்ந்து திரும்புவது கேவலம் லௌகிக இன்பந்தானா? அன்று என்பதே என் துணிபு.

பழனி மலைத்தொடரின்மேல், ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலில் நானும் என் மனைவியும் அத்தகைய ஒரு பகலைக் கழித்ததுண்டு. லெவிஞ்ச் என்னும் ஆங்கில அதிகாரி 1863-ஆம் ஆண்டில் நீரோட்டத்தை மறித்து உண்டாக்கிய ஏரியைச் சுற்றி நடந்தோம். பிறகு, 400 அடி உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் தூண் பாறைகளைக் காணச் சென்றோம். நாங்கள் சென்ற வேளையில் பாறையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. எங்கும் வெண்மையான மூடுபனியே நிறைந்திருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் சிறிது நேரம் நின்றுவிட்டு, அடுத்த இடத்தைப் பார்க்க விரைந்தார்கள். எங்களுக்கு அவசரம் இல்லை. நெடுநேரம் கழிந்தபின், நான் வேறு திசையை நோக்கிக்கொண்டிருந்தபோது, "அதோ பாருங்கள்!" என்றாள் அவள். திரும்பினேன். மேகத்தின் நடுவே ஒரு பாறையின் நெற்றி மட்டும் வெயில் பட்டுத் தெரிந்தது. அடுத்த கணமே மறைந்தது. பனி மறைப்பதற்கும் விலகுவதற்கும் நம் விருப்பம் காரணமாவதில்லை. இறைவனுடைய ஐந்தொழில்களில் அருளலுக்கு முன்னதாக மறைத்தலை நம் பெரியோர் வைத்ததன் பொருத்தம் அங்கே நிற்கும்போது நன்கு விளங்குகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது பனியைப் பற்றியன்று, "அதோ" என்னும் அந்தச் சொல்லைப் பற்றியே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் பதினொன்றாவது, காட்சியைப் பற்றிய ஓர் ஆழ்ந்த உண்மையைக் கூறுகிறது. கண் தானாக எதையும் காண்பதில்லை. உயிர் அதற்குப் பொருளைக் காட்டுவதோடு, உடன் நின்று தானும் காண்கிறது. அவ்வாறே இறைவன் உயிருக்கு அறிவிப்பதோடு, உயிர் அறியும்போது அதனோடு ஒன்றி நின்று தானும் அறிகிறான். இவற்றைக் காட்டும் உபகாரம் என்றும் காணும் உபகாரம் என்றும் சித்தாந்திகள் வழங்குவர். இவ்வுபகாரம் இரண்டினுள் ஒன்று குறைந்தாலும் உயிருக்கு அனுபவம் இல்லை. காட்டிவிட்டு அகன்றுவிடுகிற தெய்வம் அன்று, காண்பவனோடு சேர்ந்து காணும் தெய்வம் என்பதிலேதான் இத்தத்துவத்தின் கனிவெல்லாம் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

தனியே ஒரு மலையின் சௌந்தரியத்தைக் கண்டு மகிழ்கிறவன், "நான் கண்டேன்" என்று எளிதில் எண்ணிவிடுகிறான். அந்த எண்ணத்திலே அகங்காரம் நுழைகிறது. தனக்குப் புலப்படாத ஒன்றை அருகில் நிற்பவர் சுட்டிக்காட்டி, சுட்டியதோடு நில்லாமல் தாமும் உடன் கண்டு மகிழும்போதோ, இக்காட்சி தன்னால் ஈட்டப்பட்டதன்று, தனக்கு அளிக்கப்பட்டது என்னும் உணர்வு அவனுக்கு உண்டாகிறது. காட்சி தனக்கு அளிக்கப்படுவது என்று ஒருகால் உணர்ந்தவன், அளிப்பவன் யார் என்று வினவும் நாள் வெகுதொலைவில் இல்லை. இல்லறத்தார்க்கு இந்த அப்பியாசம் நாள்தோறும் கிடைக்கக்கூடியது; வீட்டின் கவலைகள் அதனை மூடிவிடுகின்றன. மலையில் கழியும் ஓய்வான பகல் அம்மூடியைச் சற்றே விலக்குகிறது.

கொடைக்கானலிலேயே இதற்குச் சான்றாக நிற்கும் தம்பதிகள் உண்டு. 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையத்துக்கு 1907-இல் வந்த ஜான் எவர்ஷெட், கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் கண்டறிந்தார். அவருடைய மனைவி மேரியும் வானியல் வல்லவர். தாந்தேயின் காவியத்திலுள்ள வான சாஸ்திரத்தைப் பற்றி நூல் எழுதியவர். கணவரோடு சேர்ந்து கதிரவனின் விளிம்பிலே எழும் தீச்சுவாலைகளை ஆராய்ந்தவர். ஒரே சூரியனை ஒருவர் பௌதிகத்தாலும் மற்றவர் காவியத்தாலும் அணுகி, ஒரே மலைமேல் இருந்து நோக்கிய அவ்வாழ்க்கையை நினைக்குந்தோறும் எனக்கு மதிப்பு மிகுகிறது. அவ்வூரிலேயே உள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936-இல் எழுப்பியவர், இலங்கைத் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியாராகிய லேடி இராமநாதன். அந்நிய நாட்டில் பிறந்து, கணவரின் சமயத்தைத் தமதாக்கிக்கொண்டவர் அவர். கணவர் 1930-இல் காலமான பின்பு இக்கோயிலை அமைத்தார். பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் பெயரைத் தாங்கிய அக்கோயிலின் முற்றத்திலிருந்து, வானம் தெளிந்த நாளில் பழனி மலை தெரிகிறது.

துணையோடு காணும் இன்பம் பற்றினை வளர்க்காதோ என்று வினவுவார் உண்டு. வளர்க்கவும் கூடும், அழகிய இடத்தைக் கண்டவுடன் அங்கே ஒரு பங்களா கட்டிக்கொள்ள வேண்டும் என்று கணக்கிடத் தொடங்கும் தம்பதிகள் மலையைக் காணவில்லை, மனையைக் காண்கிறார்கள். மற்றபடி, இந்த ஐயத்துக்குத் தக்க விடையாக எனக்கு அமைந்திருப்பது திருநாவுக்கரசரின் வரலாறே. இல்லறம் புகாதவர், முதுமையில் உடல் தேய்ந்து சிதையும் வரையில் கயிலையை நோக்கி நடந்தவர், இறைவன் பணித்தபடி ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிலே எழுந்தபோது அவர் முதலிற் கண்டவை எவை? பிடியோடு வரும் களிறு, பெடையோடு வரும் சேவல், குயிலும் மயிலும் தத்தம் துணையோடு வரும் காட்சி. அவ்விணைகளிலேதான் அம்மையப்பனின் திருவடியைக் கண்டார்; அதுவரை கண்டறியாத ஒன்றைக் கண்டதாகப் பதிகமும் பாடினார். இணைந்த உயிர்களின் காட்சி ஞானத்துக்குத் தடையாயிருக்குமாயின், அத்தகைய துறவிக்கு இறைவன் கயிலையை அவ்வடிவிலே காட்டியிருக்கமாட்டான்.

ஆகவே இல்லறத்து அன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். மலைக்குச் செல்லும்போது, வாடகைக் காரில் ஒரே நாளில் பத்து இடங்களைப் பார்த்து முடிக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள், இரண்டிடங்கள் போதும். உடன் வந்தவர் எதையேனும் சுட்டினால், நேரமாகிறது என்று சொல்லாமல், நின்று பாருங்கள்.