இல்லாத கூடம்

வால்வு வைத்த பழைய பாணி கிடார் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றின் அடியில், ஒரு ரெக்சின் பைக்குள், 17 அங்குல நீளத்தில் ஒரு தகரப் பெட்டி கிடக்கும். உள்ளே இரண்டு மூன்று மெல்லிய ஸ்பிரிங்குகள், இரு முனையிலும் சின்னச் சின்ன காயில்கள். ஆம்ப்பை நகர்த்தும்போது கொஞ்சம் தட்டிவிட்டால் தகரக் கூரையில் இடி விழுந்த மாதிரி சத்தம் வரும். ஸ்பிரிங் ரிவெர்ப் என்பது இதுதான். பெரிய கூடத்தில் வாசித்தால் ஒலி சுவர்களில் மோதி மோதி நீண்டு அடங்கும் இல்லையா, அந்த நீட்சியைக் கூடமே இல்லாமல் உண்டாக்கித் தரும் பெட்டி.

என்னிடம் இருக்கும் ஐந்து வாட் ஆம்ப்பில் அது கிடையாது. சேர்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். சால்டரிங் புகையைக் கையால் விசிறிக்கொண்டே நண்பன் கேட்டான்: "ஏன்டா, பத்துக்குப் பத்து ரூம்ல உக்காந்துக்கிட்டு சர்ச்ல வாசிக்கிற மாதிரி சத்தம் வரவைக்கிறே. இது ஏமாத்துறது இல்லையா?"

கிண்டலாகத்தான் கேட்டான். எனக்கென்னவோ நல்ல கேள்வியாகத் தோன்றியது. வாசிப்பவனுக்குத் தன் அறையைப் பற்றிப் பொய் சொல்ல உரிமை உண்டா? அது பொய்தானா?

முதலில் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கிடாரிலிருந்து வரும் சிக்னல் ஆம்ப்புக்குள் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேராகத் தன் வழியே போகிறது. இன்னொன்று ஒரு வால்வுக்கும், அதன் பிறகு ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகிறது. வால்வு தருவது அதிக வோல்டேஜும் கொஞ்சம் கரண்டும். பெட்டியின் காயிலுக்குத் தேவை அதற்கு நேர்மாறு. இடையில் மொழிபெயர்ப்பாளராக டிரான்ஸ்ஃபார்மர். காயில் துடிக்கும்போது ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் மிளகு போன்ற காந்தம் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு ஸ்பிரிங் வழியே ஓடி மறுமுனையை அடைய முப்பது நாற்பது மில்லிசெகண்ட் ஆகும். அங்கிருக்கும் காயில் அதை மறுபடி மின்சாரமாக்குகிறது. எல்லாமும் அங்கேயே தீர்ந்துவிடுவதில்லை. மிச்சம் திரும்பி ஓடுகிறது, மறுபடி வருகிறது, தேய்கிறது. வந்து சேர்வது மிக மெலிந்த சிக்னல் என்பதால் இன்னொரு வால்வை வைத்துத் தூக்கிவிட்டு, நேர்வழியில் போன முதல் கிளையோடு கலக்கிறோம். எவ்வளவு கலப்பது என்பதற்கு ஒரு குமிழ். பூஜ்யத்தில் வைத்தால் பழைய ஆம்ப்தான்.

(செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கும். அதை வடிக்கத் தெரியாமல் கை வைக்காதீர்கள். பெட்டியின் வெளியேறும் முனையைப் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் இசைக்குப் பதில் ரீங்காரம்தான் வரும்.)

இதில் எனக்குப் பிடித்தது அந்த முதல் கிளை. கிடாரின் சொந்தக் குரல் ஸ்பிரிங்குக்குள் போவதே இல்லை. அது தன்பாட்டுக்கு வருகிறது. கற்பனைக் கூடம் அதன் பின்னால், தனியாக, வேண்டிய அளவு மட்டும் வருகிறது. எதுவும் அழிக்கப்படுவதில்லை.

ஸ்பிரிங்கை இசைக்குக் கொண்டுவந்தவர் லாரன்ஸ் ஹாமண்ட். மின்கடிகாரங்கள் செய்து விற்றவர். 1935இல் குழாய்களே இல்லாத மின் ஆர்கனை அவர் கொண்டுவந்தபோது, பெரிய குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் தேடி வந்தன. விளம்பரங்களும் கொஞ்சம் தாராளமாகவே பேசின. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குத் தொடுத்தது: இதைக் குழாய் ஆர்கனுக்கு இணை என்று சொல்வது வாங்குபவரை ஏமாற்றுவதாகாதா? சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்கஃபெல்லர் தேவாலயத்தில் ஒரு சோதனை நடந்தது. எது வாசிக்கப்படுகிறது என்று காட்டாமல் குழாய் ஆர்கனையும் ஹாமண்டையும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். கேட்க உட்கார்ந்திருந்தவர்களில் தேர்ந்த இசைக்கலைஞர்களும் உண்டு. அவர்களே கணிசமான தடவை தவறாகச் சொன்னார்கள்.

இந்தச் சோதனையில் மூன்றாவதாக ஒரு வாத்தியமும் வாசித்தது என்று நினைக்கிறேன். அந்தக் கட்டடம். கல்லால் எழுப்பிய அத்தனை உயரமான கூடத்தில் எதை வாசித்தாலும் அதன் மேல் ஒரே போர்வை விழும். இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தில் பாதியைச் சுவர்களே விழுங்கியிருக்கும். அதே ஹாமண்டைக் கம்பளம் விரித்த வீட்டுக் கூடத்தில் வைத்தால் சப்பென்று ஒலிக்கும். ஹாமண்டுக்கும் அது தெரிந்திருந்தது. 1930களின் கடைசியிலேயே அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் ஸ்பிரிங்குகள் வந்துவிட்டன. தொலைதூரத் தொலைபேசிக் கம்பிகளில் உண்டாகும் தாமதத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க பெல் லேப்ஸ் பயன்படுத்திய உத்தி அது. ஆர்கனோடு சேர்த்துத் தேவாலயத்தையும் வீட்டுக்கு அனுப்பினார் ஹாமண்ட்.

1938இல் வந்த கமிஷனின் உத்தரவு சில விளம்பர வாசகங்களைத்தான் நிறுத்தச் சொன்னது. கருவியை விற்காதே என்று சொல்லவில்லை. நண்பனின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. ஒலி எதையும் வாக்குமூலமாகத் தருவதில்லை. பொய்யாவதற்கு யாராவது ஒருவர், யாரோ ஒருவரிடம், ஏதோ ஒன்றை உறுதி சொல்லியிருக்க வேண்டும். கூத்தில் மரக்கிரீடம் வைத்தவர் ராஜா இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும்.

"கேக்கறவனுக்கு ஸ்பிரிங் இருக்கறது தெரியாதேடா" என்றான் அவன். தெரியும். இங்கேதான் ஸ்பிரிங்கின் அழகான தோல்வி வருகிறது. காற்றில் எல்லாச் சுருதிகளும் ஒரே வேகத்தில் பயணம் செய்கின்றன. ஸ்பிரிங்கில் அப்படி இல்லை. சில முந்தும், சில பிந்தும். அதனால் கூர்மையாக ஒரு தந்தியைச் சுண்டினால், கிணற்றில் கல் விழுந்தது போல ஒரு 'ப்ளுக்' வருகிறது. உலகில் எந்தக் கூடமும் அப்படி ஒலிக்காது. ஃபெண்டர் நிறுவனம் 1961இல் இதைத் தனிப் பெட்டியாகவும், 1963இல் வைப்ரோவெர்ப் ஆம்ப்புக்குள்ளேயும் கொண்டுவந்தபோது, கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசைக்காரர்கள் அதைக் கூடமாகக் கேட்கவில்லை. அலையாகக் கேட்டார்கள். தேவாலயத்தை நகலெடுக்கப் போன கருவி தோற்று, தனக்கென்று ஒரு குரலோடு திரும்பி வந்தது. இன்று மென்பொருள்கள் அந்தத் தோல்வியைத்தான் மெனக்கெட்டு நகலெடுக்கின்றன. நானே ஒரு வார இறுதியில் எழுதிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நான் சம்பளம் வாங்குவது வேறு வேலைக்கு. வீடியோ அழைப்புகளில் பேசுபவரின் குரலைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அழிக்கும் குழுவில் இருக்கிறேன். மின்விசிறி, ஹாரன், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, எல்லாம். இரவில் இல்லாத அறையைச் சேர்க்கிறேன், பகலில் இருக்கிற அறையைத் துடைக்கிறேன். முதலாவதைப் பற்றித்தான் நண்பன் கேட்டான். இரண்டாவதைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.

பயன்படுத்துபவர்களிடம் பேசும் ஒரு அமர்வில், வீட்டிலிருந்து கஸ்டமர் சப்போர்ட் வேலை பார்க்கும் ஒரு பெண் சொன்னார்: "ரொம்ப உதவியா இருக்கு சார். முன்னாடி குக்கர் விசில் கேட்டாலே மார்க் குறைப்பாங்க." எங்கள் குழுவுக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் கொஞ்சம் தயங்கி இன்னொன்று சொன்னார். "ஊர்ல அம்மாகிட்டயும் இதுலதான் பேசுவேன். பேரன் தூங்குறானான்னு கேக்குறாங்க. பக்கத்துலதான் சார் கத்திக்கிட்டிருக்கான்."

அந்தப் பாட்டிக்கு யாரும் பொய் சொல்லவில்லை. மகள் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஆனால் 'குழந்தை அமைதியாக இருக்கிறான்' என்ற செய்தி ஒரு தகவலாக அங்கே போய்ச் சேர்ந்து, பாட்டி அதை நம்பிக் கேள்வியும் கேட்டுவிட்டார். ஸ்பிரிங் பெட்டியை நம்பி யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தேவாலயத்தைச் சேர்த்தால், சேர்த்தது காதில் விழுகிறது. குழந்தையை எடுத்துவிட்டால், எடுத்ததற்குத் தடயமே இல்லை. மிஞ்சியிருக்கும் அமைதி உண்மையான அமைதி போலவே இருக்கிறது. ஆம்ப்பில் மூலக்குரலுக்குத் தனி வழி இருந்தது. இங்கே மறுமுனைக்குப் போவது துடைத்த குரல் மட்டும்தான்.

இதற்காக வேலையையே தப்பு என்று சொல்லமாட்டேன். மார்க் குறைக்கும் மேனேஜரின் காதிலிருந்து அந்த வீட்டை மறைப்பது நியாயம் என்றே படுகிறது. குக்கர் விசிலுக்கு மார்க் குறைப்பதுதான் அசிங்கம். அவருக்கு அந்த மறைப்பு ஒரு கதவு மாதிரி, சாத்திக்கொள்ளலாம். அம்மாவுக்கு முன்னால் அதே கதவு தானாகச் சாத்திக்கொண்டது, சாத்தியது அவருக்கே தெரியாமல். மென்பொருள் இரண்டு அழைப்புக்கும் ஒன்றுதான். நண்பன் ஏமாற்று என்று சொன்ன பெட்டியில் குமிழ் வாசிப்பவனின் கைக்கெட்டும் தூரத்தில், ஆம்ப்பின் முகத்திலேயே இருக்கிறது.

எங்களிடமும் சுவிட்ச் இல்லாமல் இல்லை. அமைப்புகளுக்குள் போய், ஆடியோவுக்குள் போய், 'மேம்பட்டவை'க்குள் போனால் கடைசி வரியில் இருக்கிறது. அந்த அம்மாவிடம் நான் அதைச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். அதை அழைப்புத் திரைக்கே கொண்டுவர வேண்டும் என்று ஒரு டிக்கெட் போட்டிருக்கிறேன். திரையில் இடமில்லை என்கிறார்கள் டிசைன் குழுவில். அடுத்த காலாண்டுக்குத் தள்ளியிருக்கிறார்கள்.